பதினோரு வாரம் என் பெயரில் இருந்த புழு

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடல் ஆய்வு நிலையத்தில், என் நாற்காலியில், என் நுண்ணோக்கிக்கு முன்னால் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேடம், ஸ்டோர்ல இருக்கிற பழைய சல்லடையெல்லாம் ஸ்கிராப்புக்குப் போகுது. இப்பல்லாம் தண்ணிய எடுத்து டிஎன்ஏ பாத்தா போதும்ங்கறாங்க, யாரு மேடம் சேத்தச் சலிக்கறாங்க? ஆனா ஒண்ணுல மட்டும் சுத்தி செவப்பு பெயின்ட் அடிச்சு 'தொடாதே'ன்னு தமிழ்ல எழுதியிருக்கு. விஷம் கிஷம் ஏதாவதா?"

"விஷம் இல்லடி. அது என்னோட மானம். ஸ்கிராப்புக்குப் போட்டுடு."

சிரித்தாள். சிரித்த கையோடு ஒரு வேலையும் வைத்தாள். நிலையத்தின் ஆண்டு மலருக்கு நான் என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் மேடம்." சரி, எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது உத்வேகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

புதுச்சேரியில், பாகூர் கொம்யூனில், சோரியாங்குப்பம் என் ஊர். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நடவு, களை, அறுப்பு என்று வேலை செய்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் குடும்பம். அருள்மேரி என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கிடைக்காததால் விலங்கியல் படித்தேன். படித்து முடித்தபோது, ஆய்வு நிலையத்தில் பவளப்பாறைப் பிரிவுக்கும் ஆழ்கடல் பிரிவுக்கும் உதவியாளர் எடுத்தார்கள். பவளப்பாறைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஆழ்கடலுக்கு வேண்டாம், மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு எவரும் நீந்திப் போவதில்லை. இப்படித்தான் நான் ஆழ்கடல் சூழலியலாளர் ஆனேன். இன்றைக்கும் எனக்கு நீச்சல் தெரியாது.

பிரிவின் தலைவர் டாக்டர் வேதமூர்த்தி. ஒல்லியான மனிதர். கப்பல் தளத்தில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கழுத்தில் டையும் கட்டியிருப்பார். காற்றில் அது பறந்து முகத்தில் அடிக்கும். எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு பேச்சைத் தொடர்வார். அவர் எல்லோரையும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வேலையில் சேர்ந்த என்னையும் டாக்டர். கப்பல் சமையல்காரரையும் டாக்டர். "டாக்டர், ரசத்துல உப்பு இல்லையே?" என்று அவர் கேட்க, கரண்டியோடு நிற்கும் மனிதர் கூச்சத்தில் நெளிவார். நூற்றுக்கணக்கான புழுக்களின் லத்தீன் பெயர்கள் அவருக்கு மனப்பாடம். மனிதர்களின் பெயருக்கு அங்கே இடம் மிஞ்சவில்லை என்பது எங்கள் கணிப்பு.

கணிப்பு தவறு. பெயர்கள் அவருக்குத் தெரியும். கோபம் வந்தால் மட்டும்தான் எடுப்பார். ஒருமுறை ஒரு பொறியாளர் சாப்பாட்டு அறையில், மூக்கை எரிக்கும் பார்மலின் டப்பாவைத் திறந்துவிட்டார். சார் கத்தவில்லை. மென்மையாக, "குணசேகரன்" என்றார். அடுத்த துறைமுகத்தில் குணசேகரன் பெட்டியோடு இறங்கிப் போனார்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம். கனமான ஓர் இரும்புச் சட்டகத்தில் சதுரப் பெட்டி ஒன்று இருக்கும். அதைக் கம்பியில் கட்டி, வின்ச் என்ற ராட்சத ராட்டினத்தால் கடலுக்குள் இறக்குவார்கள். தரையைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொட்டதும் பெட்டி சேற்றுக்குள் இறங்கும், அடியில் ஒரு தகடு மூடிக்கொள்ளும். மேலே வர இன்னும் ஒரு மணி நேரம். வெயிலில் தளம் தோசைக்கல்லாய்க் காயும்போது, பெட்டிக்குள் இருக்கும் சேறு ஐஸாய்க் குளிரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையில் போட்டு, வடிகட்டிய கடல்நீரை மெல்ல ஊற்றிக் கரைக்க வேண்டும். "பொறந்த கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தற மாதிரி ஊத்துங்க டாக்டர்" என்பார் சார். களிமண் கரைந்து போய்விடும். வலையில் தங்கியதைப் பார்மலின் ஜாடியில் போட்டு, ஒரு சாயத்தைக் கலந்தால், சதையுள்ள உயிர் எதுவானாலும் இளஞ்சிவப்பாகிவிடும். பிறகு கரைக்குத் திரும்பி, வாரக்கணக்கில் நுண்ணோக்கி வழியாகச் சிவப்பைப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். முப்பது வருஷம் இதைத்தான் செய்தேன்.

வின்ச் இயக்கியவர் பிள்ளைச்சாவடிக்காரர், செல்வராசு அண்ணன். மீன்பிடிக் குடும்பம். எங்கள் முதல் பெட்டி மேலே வந்ததும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா டாக்டரம்மா, ஒரு மீனு இல்ல, ஒரு நண்டு இல்ல. இந்தச் சேத்துக்கா காலையிலேருந்து கம்பி உட்டேன்? எங்கூருக்கு வந்தீங்கன்னா கூடையில அள்ளி சும்மாவே தருவமே!"

நானோ பக்கெட்டைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த முதல் பயணம் முழுக்க ஒரு கையில் சல்லடை, ஒரு கையில் பக்கெட். சார் ஒரே ஒரு விதிதான் சொன்னார். "எவ்வளவு வேணும்னாலும் எடுங்க டாக்டர். சாம்பிளுக்குள்ள மட்டும் எடுத்துடாதீங்க."

சாம்பிளுக்குள் வாந்தி விழவில்லை. அதைவிட மோசமான ஒன்று விழுந்திருந்தது.

நுண்ணோக்கி வேலையின் ஏழாவது வாரம், கடலில் முதன்முதலாகச் சேறெடுத்த இடத்தின் முதல் ஜாடியில், சுருங்கிப்போன ஒரு சின்னப் புழு கிடைத்தது. அரிசியைவிடச் சற்று நீளம். தலையில் இரண்டு கரும்புள்ளிகள். சாரிடம் காட்டினேன். அவர் அரைமணி நேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தபோது டை நுண்ணோக்கித் திருகில் மாட்டியிருந்தது, அவருக்கு அது தெரியவில்லை.

"டாக்டர், இத இதுவரைக்கும் இந்த ஆழத்துல யாரும் பாத்ததில்ல."

எனக்கே சந்தேகங்கள் இருந்தன. கேட்டேன். "சார், அந்தப் புள்ளி கண்ணு மாதிரி இருக்கே? கீழ வெளிச்சமே கெடையாதே?"

"வெளிச்சம் விடற உயிருங்க இருக்கே டாக்டர். அதப் பாக்கறதுக்கு."

"ஏன் சார் வாடிப்போன கத்திரிக்கா மாதிரி சுருங்கியிருக்கு?"

"அத்தனை அழுத்தத்துல வாழ்ந்துட்டு மேல வந்திருக்கு. நீங்களா இருந்தா சுருங்க மாட்டீங்களா?"

மற்ற எந்த ஜாடியிலும் அது இல்லை. அபூர்வம் என்றார். ஒரு மனிதர் ஒரு விஷயத்தை நம்ப ஆசைப்பட்டுவிட்டால், குறுக்கே வரும் ஒவ்வொன்றும் சாட்சியாகிவிடும் என்பதை அங்கே கற்றேன். அவருக்கு ஓய்வு பெற ஒரு வருஷம்தான் இருந்தது. திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு குழு வரவிருந்தது. அவர் நம்ப ஆசைப்பட்டதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

கட்டுரை எழுதினார். புதிய இனம். கண்டெடுத்தவள் நான் என்பதால் என் பெயரையே வைத்தார். லத்தீன் முறைப்படி பெண்ணின் பெயரோடு ஓர் ஏகாரம் சேர்க்க வேண்டுமாம். "அருள்மேரியே." தட்டச்சுப் பிரதியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ என்னைச் செபத்தில் கூப்பிடுவது போலிருக்கும்.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். அம்மா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இன்னாடி சொல்ற? புழுவுக்கா உம்பேர வெச்சாங்க?"

"ஆமாம்மா. உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"அந்தக் கப்பலுக்கு வெக்கச் சொல்லக் கூடாதா? போயும் போயும் புழுவுக்கு!"

ஆனால் மறுநாளே ரேஷன் கடை வரிசையில், "எம்பொண்ணு பேர்ல கடல்ல ஒரு பிராணி கீது" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். புழு, பிராணியாக வளர்ந்திருந்தது. வார இறுதிக்குள் அது ஒரு மீனாகி, பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு வாழ்த்தும்போது திமிங்கலத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக இருந்தது.

கட்டுரையை அனுப்பிய பிறகு, படங்களைத் திருத்தி வரையும் வேலை என்னிடம் வந்தது. அதற்காக முதல் ஜாடியின் மிச்சத்தை மறுபடி ஒரு தட்டில் கொட்டினேன். நடுக்கடல் களிமண்ணைச் சலித்தால் மிஞ்சுவது நுண்ணிய ஓடுகள்தான். மணல் அங்கே வந்து சேராது. என் தட்டிலோ கண்ணாடித் துண்டுகள் போல ஆற்று மணல் கிடந்தது. அதன் நடுவில் நாலைந்து காக்காப்பொன் துகள்கள், தங்கத் தகடு போல மின்னிக்கொண்டிருந்தன.

எனக்கு அந்த மின்னல் தெரியும். பெண்ணையாற்றில் இறங்கிக் கரையேறினால் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வரும். சோரியாங்குப்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பயணத்துக்குப் போகும் முன் பத்து நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, கப்பலில் அசிங்கப்படக் கூடாதே என்று பழகிப் பார்க்க நிலையத்துச் சல்லடை ஒன்றை யாரிடமும் கேட்காமல் எடுத்து வந்திருந்தேன். ஆற்றோரமாகவே சைக்கிளை மிதித்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் மூன்று நாள் சேற்றைச் சலித்தேன். பிறகு தெருக் கைப்பம்பில் கழுவினேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அதே சல்லடைதான் கப்பலில் முதல் பெட்டிக்குப் போனது.

  தட்டை மூடினேன். ஜாடியை அலமாரியில் பின்வரிசைக்குத் தள்ளினேன். ஆமாம், மறைத்தேன். இரண்டு வாரம் மறைத்தேன். ஒப்பந்த வேலை, அம்மா, சார், என் பெயர் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். எல்லாவற்றையும்விட என் பெயர்தான் கனமாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு சமயம், புழுவே ஆற்றில் அடித்துக்கொண்டு போய் மூவாயிரம் மீட்டர் இறங்கிக் குடித்தனம் நடத்தியிருக்கக் கூடாதா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு கேவலமான அறிவியல்.

கடைசியில், சந்தேகமாகச் சொல்வதைவிட நிச்சயமாகச் சொல்லிவிடலாம் என்று ஊருக்குப் போனேன். முகத்துவாரத்தில் அரைமணி நேரத்தில் ஒரு டப்பா நிறையப் புழு கிடைத்தது. சல்லடை வலைத் துண்டு ஒன்றில் பரப்பி அம்மாவின் சமையலறை ஜன்னலில் காயப் போட்டேன்.

"இன்னாடி இது கருமம், சோறாக்கற எடத்துல?"

"காயணும்மா. நாலு நாளு."

"கருவாடா? இந்த அளவுலயா?"

காய்ந்து சுருங்கிய புழுக்களை நிலையத்துக்குக் கொண்டுபோய், பார்மலினில் ஊறவைத்து, சாயம் ஏற்றினேன். நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டு கரும்புள்ளிகளோடு, வாடிய கத்திரிக்காயாக, என் பெயர்க்காரி அங்கே வரிசையாகப் படுத்திருந்தாள்.

மறுநாள் காலை சார் வந்ததும் போய் நின்றேன்.

"சார், முதல் ஜாடியில காக்காப்பொன் இருக்கு."

"இருக்கட்டும் டாக்டர். கங்கை எவ்வளவோ கொண்டாந்து கடல்ல கொட்டுது."

"இது கங்கை இல்ல சார். பெண்ணையாறு."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "இதுல ஒண்ணு நம்ம புழு. ஒண்ணு எங்கூர்ப் புழு. எது எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

குனிந்தார். திருகை முன்னும் பின்னும் திருப்பினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்புகளை இரண்டு மொழியிலும் படித்து முடித்துவிட்டேன். கடைசியில் இடது பக்கத்தைத் தொட்டார். "இது நம்மது."

"அது எங்கூர்து சார். போன வாரம் புடிச்சது."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அருள்மேரி" என்றார்.

குணசேகரனின் பெட்டி என் கண் முன்னால் வந்தது.

"எத்தனை நாளா தெரியும்?"

"பதினெட்டு நாளா சார்."

"பதினெட்டு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பதினாலு நாள் பயந்துக்கிட்டிருந்தேன் சார். மீதி நாலு நாள் புழு காயவெச்சேன்."

அவர் உதடு கோணியது. அழப் போகிறாரா, சிரிக்கப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சல்லடையைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு ஊசியால், வலையும் வளையமும் சேருகிற மடிப்பைச் சுற்றிக் கிளறத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. மாலைக்குள் ஒரு வெள்ளைத் தாளில், வரிசையாக, இரண்டு காய்ந்த புழுக்கள், ஒரு முறிந்த சவுக்கு மர ஊசியிலை, ஒரு சிட்டிகை மணல். தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ஆச்சரியக்குறி போட்டார்.

புழுவுக்கு என் பெயர் வைத்துப் பதினோரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். எனக்குத் தட்டச்சு செய்யக் கொடுத்தார். படித்தேன். "என் பொறுப்பிலிருந்த சல்லடையை நான் சரிபார்க்கத் தவறிவிட்டேன்" என்று இருந்தது. என் பெயர் எங்குமில்லை.

"சார், சல்லடைய எடுத்துட்டுப் போனது நான்."

"கண்ணு இருக்கிற புழுவ ஆழ்கடல் புழுன்னு சொன்னது நான். டைப் அடிங்க டாக்டர்."

நான் மறுபடி டாக்டர் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் மூச்சு விட்டேன்.

குழு வந்தது. அவர் எதையும் ஒளிக்காமல், டை கட்டிக்கொண்டு, காக்காப்பொன் படத்தைத் திரையில் போட்டே பேசினார். ஒரு உறுப்பினர், "அடுத்த பயணத்துக்குக் கப்பல் எதற்கு, சைக்கிளே போதுமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார், காது மட்டும் சிவந்திருந்தது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. என் ஒப்பந்தம் முடிந்தது. சாரின் கடைசி வருஷம் நூலக அலமாரிகளை ஒழுங்குபடுத்துவதில் கழிந்தது. போகும் முன் அந்தச் சல்லடைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து எழுதியது அவர்தான். இன்னொன்றும் செய்தார். இனி எந்தப் பயணத்திலும், முதல் பெட்டி இறங்கும் முன், சுத்தமான தண்ணீரைச் சல்லடையில் ஊற்றி, விழுவதை ஒரு ஜாடியில் பிடித்துப் பார்த்தாக வேண்டும் என்று விதி போட்டார். ஒன்றுமில்லாததைத் தேடும் அந்த வேலையைப் பிற்பாடு என்னிடம் வேலை பார்த்த எல்லோரும் வெறுத்தார்கள். டிஎன்ஏ காலத்தில் இன்னும் கடுமையாக அதையே செய்கிறார்கள், வெறுத்துக்கொண்டே.

ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அது நம்மூரு புழுதானா?"

"ஆமா."

"அதுக்கு ஏற்கனவே பேரு இருக்குதா?"

"இருக்கும்மா. ரொம்ப நாளைக்கு முன்னாடி ஒரு வெள்ளக்காரரு வெச்சிருக்காரு."

"நம்ம ஆத்துப் புழுவுக்கு அவன் இன்னாடி பேரு வெக்கறது? நம்மள யாருனா கேட்டாங்களா?" ஒரு வாரம் அந்த வெள்ளைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரேஷன் கடையில் மீன் எப்படிச் செத்தது என்று என்ன சொன்னாளோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். அம்மாவோடு நடவுக்குப் போனேன். நான் நட்ட வரிசையைப் பார்த்துவிட்டு, "நீ புழுவே பொறுக்கு" என்று கரையேற்றிவிட்டாள். அப்போது நிலையத்தில் நிரந்தர வேலை ஒன்றுக்கு நேர்காணல் வந்தது. சாரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டேன். உறை ஒட்டாமல் வந்ததால் படித்தேன். ஒட்டியிருந்தாலும் படித்திருப்பேன். இரண்டே வரி. "இவர் கடலில் வாந்தி எடுப்பார். கரையில் உண்மை பேசுவார், சற்றுத் தாமதமாக." வேலை கிடைத்தது.

அதன் பிறகு எத்தனையோ பயணம், எத்தனையோ சேறு. நிஜமான புதிய உயிர்கள் சில கிடைக்கவும் செய்தன. எதற்கும் என் பெயரை வைக்க நான் விடவில்லை. ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கடைசிப் பயணத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

நான் ஓய்வு பெறும் வருஷம், கேபிளில் கட்டி இறக்கும் கேமரா வண்டி ஒன்று நிலையத்துக்கு வந்தது. அதுவரை ஆழ்கடல் தரையை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. என் உயிர்களெல்லாம் செத்து, கிழிந்து, சிவப்புச் சாயத்தில் ஊறித்தான் எனக்கு அறிமுகம். கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் ஏழெட்டுப் பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிவேதா பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்துக்குள், ஊதா நிறத்தில், வெள்ளரிக்காய் போல உருண்டு நீண்ட பிராணியான ஒரு கடல்வெள்ளரி வந்தது.

எனக்குத் தெரிந்தவள்தான். பல வருஷம் முன்பு ஒரே ஒருமுறை வலையில், வெந்த ஜவ்வரிசிக் கஞ்சியாக, வாய் கிழிந்து வந்திருந்தாள். அந்தக் கஞ்சியை வைத்து நான்தான் படம் வரைந்தேன். உடம்பின் ஒரு முனையில் பாய்மரம் போல நீண்டிருந்த சதையைத் தலை அலங்காரம் என்று எழுதினேன். அந்தப் படம் எங்கள் கையேட்டில் வந்தது. நிலையத்தின் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு வண்ணத்தில் தீட்டப்பட்டு, வருகிற பள்ளிப் பிள்ளைகளெல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

திரையில் அவள் நடந்தாள். சின்னச் சின்னக் கால்களால், நிதானமாக, சேற்றை மேய்ந்துகொண்டு. பாய்மரம் பின்னால் இருந்தது.

அறையில் இருந்த எல்லோருக்கும் வாசல் சுவர் தெரியும். நிவேதா தொண்டையைச் செருமினாள்.

"மேடம்... அது ரிவர்ஸ்ல போகுதோ?"

நல்ல பெண். என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்.

"இல்லடி. அது நேராத்தான் போகுது. நான்தான் இத்தினி வருஷமா அதுக்குப் பின்னாடி தொப்பி மாட்டி வெச்சிருந்தேன்."

முதலில் என் வாயிலிருந்துதான் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அறையே சிரித்தது.

"லாக்ல என்ன மேடம் எழுதட்டும்?"

"தலை, வால் ரெண்டும் அருள்மேரி சொன்னதுக்கு நேரெதிர்னு எழுது. ஆழத்தையும் குறிச்சுக்கோ."

எழுதினாள். அதற்குள் அந்தக் கடல்வெள்ளரி, நான் வால் என்று எழுதியிருந்த தலையை முன்னால் வைத்து, கொஞ்சமும் அவசரமில்லாமல், விளக்கு வெளிச்சத்தைக் கடந்து இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.